'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்ன பார்க்கிறார்? மலை இறங்கும் பைக்குக்கு 15 வயதாகும்போது...

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு வைத்த பதவிப் பெயர். டீக்கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் அவருக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பைக் எவ்வளவு வேகம் போகும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. அவர் பார்க்கும் விஷயங்களே வேறு. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையிலிருந்து தினமும் பைக்கில் இறங்கி ஏறும் விவசாயிகளுக்கு அந்த விஷயங்கள் ஒவ்வொன்றும் உயிர்க்கணக்கு.

அரூர்ப் பகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக நிற்கிறது சித்தேரி மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சின்னச் சின்ன ஊர்கள் மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கின்றன. கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்கள் நல்ல சாலைக்காகப் பல காலம் காத்திருந்தவை. விளைச்சல் தலைச்சுமையாகத்தான் கீழே வரும். உடம்புக்கு முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கி வந்த கதை அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அப்படிப்பட்ட மலையில் பைக் வந்து சேர்ந்தபோது, அது வெறும் வாகனமாக வரவில்லை. மாடு, வண்டி, ஆம்புலன்ஸ், சந்தைக்கூடை எல்லாமுமாக வந்தது.

அந்த மலை ஊர்களில் ஒன்றில் ஒரு விவசாயி இருக்கிறார். ஊருக்குள் முதலில் பைக் வாங்கியவர் என்பதால் இன்றைக்கும் அவரை 'வண்டிக்காரர்' என்றே கூப்பிடுகிறார்கள். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. மூன்று ஏக்கர் மானாவாரி. சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி. வரப்போரம் நாலு புளியமரம். 2010 மார்ச் மாதம் கடனில் ஒரு 100 சி.சி. பைக் எடுத்தார். பதினைந்து வருடங்களில் அந்த பைக் சுமந்தவற்றைப் பட்டியல் போட்டால் ஒரு குடும்ப வரலாறே வரும். உர மூட்டை, சாமை மூட்டை, ரேஷன் அரிசி, காய்ச்சல் கண்ட பிள்ளைகள், ராத்திரியில் பாம்பு கடித்த பக்கத்து வீட்டுக்காரர்... எல்லாரையும் எல்லாவற்றையும் அது இறக்கி ஏற்றியிருக்கிறது.

2025 ஜூலை மாதம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தின் ஆயுள் மார்ச் மாதமே முடிந்து, நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

15 வருடம்... அதற்குமேல் என்ன?

லாரி, வேன் போன்ற வாடகை வண்டிகளுக்கு 'எஃப்.சி. காட்டுவது' எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்த உபயோக பைக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனாலேயே பலருக்கு ஒரு விஷயம் மறந்துபோகிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, சொந்த உபயோக வண்டியின் பதிவுச் சான்று 15 வருடங்களுக்கு மட்டுமே செல்லும். அதற்குமேல் ஓட்ட வேண்டுமென்றால் வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்தி, தகுதியானது என்று காட்டி, ஐந்து வருடங்களுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

இதற்கான விண்ணப்பம் படிவம் 25. ஆயுள் முடிவதற்கு 60 நாள்கள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய விதிப்படி, பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்குதான். வண்டிக்காரருக்கு நாலு மாதத் தாமதம் 1,200 ரூபாய். வட்டி அசலைத் தாண்டிவிட்டது! பசுமை வரி தனி.

பணத்தைக் கட்டிவிட்டார். பைக்கைக் கழுவித் துடைத்து, விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கட்டி, விடிகாலையில் மலை இறங்கிப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆய்வு பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. ஆறு குறைகளைச் சொல்லி, சரிசெய்துகொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வேலை போச்சு, பெட்ரோல் போச்சு.

"பதினஞ்சு வருசமா ஒரு நாள்கூட நடுவழியில நின்னதில்லை தம்பி. ஓடற வண்டிக்கு என்ன கொறை?" என்று அரூரில் தனக்கு வழக்கமான மெக்கானிக்கிடம் போய்ப் புலம்பினார்.

"ஓடறதுல கொறை இல்லண்ணே. நிக்கறதுலதான் கொறை. ஒக்காருங்க, ஒவ்வொண்ணா பாக்கலாம்" என்றார் மெக்கானிக்.

அந்த ஆறு குறைகளும் அந்த ஒரு பைக்குக்கு மட்டும் உரியவை அல்ல. மலையிலும் காட்டிலும் உழைக்கும் பைக்குகள் தகுதிச் சோதனையில் தவறுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

முதல் குறை: தெரியாத எண்

ஆய்வாளர் முதலில் தேடுவது சேஸிஸ் எண்ணை. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் அது அடிக்கப்பட்டிருக்கும். அதையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கும் வழக்கமும் உண்டு. வண்டிக்காரரின் பைக்கில் சேறும் துருவும் ஏறி, கடைசி மூன்று எண்கள் மறைந்துபோயிருந்தன.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்தாலே பெரும்பாலும் எண் தெளிந்துவிடும். பிறகு லேசாக கிரீஸ் தடவி வைத்தால் துரு ஏறாது. உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. எண் சரியாகத் தெரியவில்லையே என்று உளியால் மேலே அடித்துத் தெளிவாக்கவே கூடாது. எண்ணைத் திருத்திய வண்டி திருட்டு வண்டியாகத்தான் பார்க்கப்படும். இன்ஜின் பழுதாகி, வேறொரு பழைய இன்ஜினைப் பொருத்தியவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அந்த மாற்றத்தை அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பைக்கின் நிறத்தை மாற்றியிருந்தாலும் அப்படித்தான்.

இரண்டாவது குறை: எரியாத விளக்கு

வண்டிக்காரரின் பைக்கில் ஹெட்லைட் நன்றாகவே எரிந்தது. எரியாதது பிரேக் லைட். இடதுபக்கப் பின் இண்டிகேட்டர் எப்போதோ ஒரு மூட்டையில் இடித்து உடைந்து, ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. 'மலையில யாருக்கு இண்டிகேட்டர் போடப் போறோம்' என்று அவரும் விட்டுவிட்டார்.

விளக்குக் குறை உலகம் முழுக்க இருக்கிறது. பிரிட்டனில் 1960-லேயே வாகனங்களுக்குத் தகுதிச் சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே மூன்று வயதான பைக் வருடந்தோறும் சோதனைக்கு நிற்க வேண்டும். அங்கேயும் பைக்குகள் அதிகம் தவறும் இடம் விளக்குகளும் இண்டிகேட்டர்களும்தான். காரணம் எளிது. ஓட்டுபவரின் கண்ணுக்குத் தன் வண்டியின் பின்விளக்கு தெரிவதே இல்லை.

மாலை நேரத்தில் பைக்கை வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி, பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், பின் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடினால் பிரேக் லைட் வேலை செய்கிறது. பல்பு மாற்றியும் எரியவில்லை என்றால், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சில் சேறு அடைத்திருக்கும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பைக்குகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் தானாக எரியும். பழைய பைக்குகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மூடுபனி நாளில் ஹெட்லைட் போட மறக்கக் கூடாது. சுமை ஏற்றும் பைக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளைக்குப் போய்விடும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், ஓட்டுபவருக்குப் பள்ளம் தெரியாது.

மூன்றாவது குறை: படிக்க முடியாத நம்பர் பிளேட்

பைக்கின் பின்பக்க நம்பர் பிளேட்டில் எழுத்துகள் 35 மில்லிமீட்டர், எண்கள் 40 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். முன்பக்கம் இரண்டுமே 30 மில்லிமீட்டர். சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வண்டிக்காரரின் நம்பர் பிளேட்டில் குலதெய்வத்தின் பெயர் பெரிதாகவும், பதிவெண் பொடியாகவும் இருந்தது. சாமிக்கு வேறு இடம் கொடுக்கும்படி ஆய்வாளர் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். கட்சிக் கொடி, நடிகர் படம், சங்கப் பெயர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இந்த வரிசையிலேயே இன்னும் சில உண்டு. பின்பார்க்கும் கண்ணாடி இல்லாத பைக், ஓட்டை விழுந்து அதிரும் சைலன்ஸர், பல குரலில் கத்தும் ஹாரன், வேலை செய்யாத ஸ்பீடாமீட்டர், உடைந்துபோன சிவப்பு ரிஃப்ளெக்டர். எல்லாமே சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலைகள்.

நான்காவது குறை: கழற்றப்பட்ட சேலை கார்டு

பின் சக்கரத்தின் இடதுபக்கம் இருக்கும் சேலை கார்டு, விவசாயிகளின் பைக்கில் அநேகமாக இருக்காது. மூட்டை கட்ட இடைஞ்சல் என்று முதல் வருடத்திலேயே கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். வண்டிக்காரரும் அப்படித்தான். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து, கேரியராக மாற்றியிருந்தார். பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பியும் அதில் போய்விட்டது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது அந்த விதி. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் ஆளை இழுத்துப் போட்டுவிடும். சமவெளியில் விழுவது வேறு, ஒருபக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் வளைவில் விழுவது வேறு. வெல்டிங் கேரியருக்கும் சட்டத்தில் இடமில்லை. தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. மூட்டைக்குக் கழற்றி மாட்டக்கூடிய கயிற்றுப் பையோ பக்கப் பையோ போதும். அதையும் அளவோடுதான் ஏற்ற வேண்டும்.

வண்டிக்காரர் பரணில் தேடினார். பதினைந்து வருடம் கழித்து அந்த சேலை கார்டு புதுசாகவே கிடைத்தது. கழற்றிப் போட்டதில் கெடாமல் இருந்த ஒரே பாகம் அதுதான்!

ஐந்தாவது குறை: வழுக்கை டயர்

இருசக்கர வாகன டயரில் பூ ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஸ்கேல் வைத்து அளக்கத் தேவையில்லை. ஏ.டி.எம். கார்டின் கனம் ஏறக்குறைய அந்த அளவுதான். கார்டின் விளிம்பை டயரின் பூவுக்குள் வைத்துப் பாருங்கள். கார்டின் கனம் அளவுக்குத்தான் ஆழம் மிச்சம் என்றால் டயரின் காலம் முடிந்தது. டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேராக, பூவின் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

மூட்டை சுமக்கும் பைக்கில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் பூ இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மழைக்காலத்தில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பூதான். அது இல்லாத டயர், ஈரச் சாலையில் வாழைப்பட்டையில் கால் வைத்தது போலத்தான். பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த டயர், தளர்ந்த போக்ஸ் கம்பி, கோணிய ரிம் இவற்றையும் ஆய்வாளர் பார்ப்பார்.

ஆறாவது குறை: பிரேக்

மெக்கானிக் கடைசியாகத்தான் பின் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்மின் வெளிப்பக்கம், பிரேக் கை சேரும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி பல பைக்குகளில் உண்டு. பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அந்த அம்பு, டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வண்டிக்காரரின் பைக்கில் அம்பு அந்தக் குறியைத் தாண்டி நின்றது. இறுக்கும் நட்டு மரையின் கடைசிக்கே வந்துவிட்டது. பிரேக் 'இறங்கும்' போதெல்லாம் அவரே ஒரு சுற்று இறுக்கி இறுக்கி ஓட்டியிருக்கிறார்.

டிரம்மைத் திறந்ததும் கறுப்புத் தூள் கொட்டியது. ஷூவின் மேல் இருக்க வேண்டிய லைனிங் காகிதக் கனத்துக்குத் தேய்ந்து, ஒரு ஓரத்தில் உலோகம் எட்டிப் பார்த்தது. டிரம்மின் உள்சுவரில் கோடு கோடாகச் சுரண்டல். மெக்கானிக் ஷூவை அவர் கையில் கொடுத்தார்.

வண்டிக்காரரின் மகள் அரூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டு, திங்கட்கிழமை விடிகாலையில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து மலை இறங்குவாள். தேய்ந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "திங்கக்கெழமைதான் பாப்பாவ ஏத்திக்கிட்டு எறங்கினேன்" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

சமவெளியில் இரண்டு, மூன்று வருடம் வரும் ஷூ மலையில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? மெக்கானிக் கேட்ட ஒரே கேள்வியில் விடை கிடைத்தது.

"எறக்கத்துல இன்ஜினை அணைச்சிடுவீங்களாண்ணே?"

"ஆமா. நியூட்ரல்ல போட்டுச் சாவிய அணைச்சா அடிவாரம் வரைக்கும் சும்மாவே வந்துடும். பத்துப் பதினஞ்சு ரூவா பெட்ரோல் மிச்சமாவுமே!"

மலையில் இருக்கும் பெரும்பாலான பைக்குகள் இப்படித்தான் இறங்குகின்றன. கியரில் இருக்கும்போது, ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கும்போது மாடு பின்னங்காலை ஊன்றித் தாங்குவது போல. நியூட்ரலில் போட்டு இன்ஜினையும் அணைத்துவிட்டால், வண்டி, ஆள், மூட்டை அத்தனை பாரத்தையும் பிரேக் ஷூ ஒன்றே தாங்க வேண்டும். தொடர்ந்து தேய்க்கத் தேய்க்க டிரம் சூடாகும். ஓரளவு சூடேறியபின் லைனிங்கின் பிடிப்பு குறைந்துவிடும். காலால் முழுக்க மிதித்தாலும் வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவில் வண்டி நேராகப் போய்விட்டது, பிரேக் 'பிடிக்கவில்லை' என்று சொல்லப்படும் விபத்துகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

முன் பிரேக்கைப் பற்றி இன்னொரு தவறான எண்ணம் உண்டு. முன் பிரேக் பிடித்தால் பைக் கவிழ்ந்துவிடும் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. வண்டிக்காரரின் பைக்கில் முன் பிரேக் ஒயர் துருப்பிடித்து உறைக்குள் இறுகிக் கிடந்தது. உண்மையில், பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் அதிகம். இரண்டையும் சேர்த்து, நிதானமாக அழுத்திப் பழக வேண்டும். சரளைக் கல்லிலும் வண்டி சாய்ந்திருக்கும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சி.சி. வரையிலான பைக்குகளில், ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய பைக்கில் அந்த வேலையை ஓட்டுபவரின் கையும் காலும்தான் செய்ய வேண்டும்.

ஓடையைக் கடந்தபின் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டினால் உலர்ந்துவிடும். அதன்பிறகே இறக்கத்தில் விட வேண்டும்.

ஆய்வாளர் சொல்லாதது... மெக்கானிக் பார்த்தது

வந்த கையோடு மெக்கானிக் இன்னும் இரண்டைச் சோதித்தார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. குண்டும் குழியுமான மலைச் சாலையில் இது சீக்கிரம் போகும். அடுத்தது செயின். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். ரொம்பத் தொங்கினால் இறக்கத்தில் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும்.

புகைச் சான்று

புதுப்பிக்கும்போது செல்லுபடியாகும் புகைச் சான்றும் வேண்டும். 2000 மார்ச் 31-க்குப் பின் தயாரான நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவிகிதத்தையும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.-மையும் தாண்டக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஹைட்ரோகார்பன் அளவு 6,000 வரை. இந்த வேறுபாடு தருமபுரிக்காரர்களுக்கு முக்கியம். 1980-ல் இந்தியாவின் முதல் இரண்டு இருக்கை மொபெட்டாக டி.வி.எஸ். 50 வெளிவந்தது ஓசூரில். அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்தான். அந்த வம்சத்தில் வந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இன்றும் தோட்டங்களில் பால் கேன் சுமக்கின்றன. பெட்ரோலோடு ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதுதான் அவை புகைச் சோதனையில் தவறுவதற்கு முதல் காரணம். பைக்குகளில் பெரும்பாலும் அடைத்துப்போன ஏர் ஃபில்டரும், சரிசெய்யாத கார்புரேட்டரும்தான் காரணம். புழுதிச் சாலையில் ஓடும் பைக்குக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்தால் மைலேஜும் கூடும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் சோதனைக்கு நிறுத்துவது நல்லது.

வண்டி தேறும்... காகிதம் தேறாது!

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வரும் பைக்குகள் உண்டு. காரணம் காகிதம். வண்டிக்காரருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. 2013-லேயே கடன் முடிந்துவிட்டது. ஆனால், ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. 'எச்.பி. கேன்சல்' செய்ய, தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் தேவை. கடனின் கடைசித் தவணை கட்டிய அன்றே இதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்துத் தேடினால் அந்தக் கிளையே இருக்காது. அவர் அலைந்த அலைச்சலில் பாதி இதற்காகத்தான்.

பழைய பைக்கைக் கைமாற்றாக வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டுபவர்கள் இன்னும் அதிகம். விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட படிவம் 29, 30 வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாள்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

ஆர்.சி. இல்லாமல் ஓட்டினால் அபராதம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பதிவு காலாவதியான வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவே இல்லாத வண்டி. தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு வாகனம் திருடுபோன வழக்கில், இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட வண்டி யார்மீதாவது மோதிவிட்டால், இழப்பீடு உரிமையாளரின் தலையில் விழும் ஆபத்து இருக்கிறது. மூன்று ஏக்கர்க்காரர் அதை நிலத்தை விற்றுத்தான் கட்ட முடியும்.

மலையில் உலவும் கேள்விகள்

'15 வருசம் ஆனா வண்டியப் புடுங்கிடுவாங்களாமே?'

அது டெல்லியின் கதை. காற்று மாசு காரணமாக டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும், 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் தடை வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் தகுதியுள்ள பைக்கைப் புதுப்பித்து ஓட்டலாம்.

'ஒருதடவை புதுப்பிச்சா போதுமா?'

ஐந்து வருடத்துக்குப் போதும். பிறகு மறுபடி காட்ட வேண்டும். 2025 ஆகஸ்ட் மாத அறிவிப்புப்படி, 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய்.

'காட்டுப் பாதையிலதானே ஓட்டறேன், எதுக்கு ஆர்.சி.?'

பொது இடமானாலும் வேறு எந்த இடமானாலும் பதிவு இல்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது 39-வது பிரிவு. தவிர, விபத்து ஆர்.சி. கேட்டுக்கொண்டு வருவதில்லை.

சத்தம் வரட்டும்!

புது ஷூ, இரண்டு பிரேக் ஒயர், பின் டயர், கோன் செட், பல்பு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போன இரண்டாவது முறை, வண்டிக்காரரின் பைக் தேறிவிட்டது. டயரைத் தவிர மற்றதெல்லாம் பெரிய செலவே இல்லை. தாமதக் கட்டணமாகக் கட்டிய 1,200 ரூபாயில் அதில் பெரும்பகுதியை முடித்திருக்கலாம் என்பதுதான் அவருடைய வருத்தம்.

இப்போது திங்கட்கிழமை விடிகாலையில் அவர் இறங்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. செங்குத்தான இடத்தில் இரண்டாவது கியர், கொண்டை ஊசி வளைவில் முதல் கியர். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர் என்பது அவர் கணக்கு. பின்னால் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், துப்பட்டா பக்கம் சேலை கார்டு இருக்கிறது. மலையின் இளவட்டங்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அடிவாரத்து டீக்கடையில் அவர்களைப் பிடித்து நிறுத்திவைத்து, பின் சக்கரத்து டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார் வண்டிக்காரர். தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள்.

"சுடுதா? அந்தப் பத்து ரூவா பெட்ரோலு அங்கதான்டா எரியுது" என்கிறார்.